ஆளைத் திட்டாதீர்கள், கணக்கைப் பாருங்கள்!

வீட்டில் எது தப்பிப் போனாலும் பழி யார் தலையில் விழுகிறது? நம் தலையில்தான்! ஸ்கூல் வேன் போய்விட்டதா? "அம்மா லேட் பண்ணிட்டா." குழந்தை இளைத்திருக்கிறதா? "தாய்க்காரி சரியா கவனிக்கலை." இருபத்தைந்தாம் தேதியே பர்ஸ் காலியா? "இவளுக்குச் சிக்கனம் போதாது." மற்றவர்கள் சொல்வது போதாதென்று நாமும் ராத்திரி படுக்கையில் கிடந்து நம்மையே திட்டிக்கொள்கிறோம்.

நான் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். கோவிலம்பாக்கத்துக்குக் குடித்தனம் வந்து பதினெட்டு வருஷமாகிறது. என் பெரிய பெண் கல்லூரியில் வியாபார நிர்வாகம் படிக்கிறாள். மத்தியான வேலை ஓய்ந்த பிறகு அவளுடைய புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். புரியாததை அவளிடமே கேட்டுக்கொள்வேன். நிர்வாகம், புள்ளி விவரம், மனோதத்துவம் என்று பெரிய பெரிய பெயர்கள்! பக்கத்தைத் திருப்பத் திருப்ப எனக்கு விளங்கியது ஒன்றுதான். ஒரு காரியம் திரும்பத் திரும்பத் தவறுகிறது என்றால், ஆளைக் குறை சொல்லுமுன் அந்தக் காரியம் நடக்கிற முறையைப் பார்க்க வேண்டும். பார்த்ததை எண்ணி எழுத வேண்டும். பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்து பார்க்க வேண்டும்.

இது கம்பெனிக்காரர்களுக்கு மட்டும்தானா என்று நினைக்காதீர்கள். நம் தமிழ்நாட்டிலேயே இப்படிச் செய்து காட்டிய மூன்று காரியங்களைச் சொல்கிறேன். மூன்றும் நம் அடுக்களைக்கும் தொட்டிலுக்கும் பர்ஸுக்கும் உதவும்.

இரண்டு மேஜை ரகசியம்

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அதை ஆரம்பித்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமிக்கு அப்போது வயது 58. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களால்தான் கண் அறுவை செய்யப் பழகியிருந்தார். 1976-ல் வெறும் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார்.

கண்புரையால் பார்வை இழந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். டாக்டர்களோ கொஞ்சம். "டாக்டர்கள் இன்னும் கஷ்டப்பட்டு உழைக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து யோசித்தார். ஆயிரக்கணக்கான கடைகளில் ஒரே பண்டத்தை, ஒரே தரத்தில், சாதாரண ஆட்களைப் பழக்கியே செய்து கொடுக்கிறார்களே, அந்த முறையைக் கண் வைத்தியத்தில் ஏன் கொண்டுவரக் கூடாது?

அங்கே அறுவை அறையில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒரு மேஜையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். மருந்து விட்டு, துடைத்து, கருவிகளை எடுத்து வைத்து எல்லாம் முடிந்திருக்கும். டாக்டர் திரும்பினால் போதும். கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டு அவர் அலைவதில்லை. அந்தத் தயாரிப்பு வேலைகளைச் செய்பவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்து, அங்கேயே இரண்டு வருஷம் பயிற்சி பெற்ற இளம் பெண்கள்!

பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பதை வைத்து, முடியாதவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ அறுவை நடக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது யானை விலை. 1992-ல் ஆரோலேப் என்று தாங்களே ஒரு தொழிற்சாலை தொடங்கி, பல மடங்கு குறைந்த விலைக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். டாக்டர் வெங்கடசாமி 2006-ல் காலமானார். 2017-ல் சென்னையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் கிளை வந்துவிட்டது.

சரி, இதில் நமக்கு என்ன? காலை நேரத்தில் வீட்டில் டாக்டர் யார்? நாம்தான். ஆனால் கத்தரிக்கோலைத் தேடுவதும் நாமேதான்!

மூன்று நாள் காலை 6 மணியிலிருந்து 7.30 வரை என்னென்ன செய்கிறேன் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரம் போட்டு எழுதி வைத்தேன். சமையல்தான் நேரத்தைத் தின்கிறது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு வேறு சொன்னது. டிபன் பாக்ஸ் மூடி தேடியது, தண்ணீர் பாட்டில் நிரப்பியது, சம்ப்பிலிருந்து மேல் டேங்குக்கு மோட்டார் போட்டுவிட்டு நிரம்பி வழிகிறதா என்று ஓடிப் பார்த்தது, சாக்ஸ் ஜோடி சேர்த்தது, எல்லாமாகச் சேர்ந்து 30 நிமிஷத்துக்கு மேல். அந்த நேரத்தில் இரண்டு பர்னரில் ஒன்று சும்மா கிடந்தது.

"என்னைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத வேலை இதில் எது?" என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேள்வி போட்டேன். சாம்பாருக்குப் பக்குவம் பார்ப்பது என் வேலை. பாட்டில் நிரப்ப எட்டாவது படிக்கிற பையனுக்குத் தெரியாதா? மோட்டார் சுவிட்ச் அவருடைய பேப்பர் நாற்காலிக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? என் கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அந்தக் காலண்டர் தாளை அப்படியே எடுத்துக் காட்டினேன். எண்ணைப் பார்த்தால் ஆண்களுக்குக் கோபம் குறையும் என்பது என் அனுபவம்!

இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு 'இரண்டாவது மேஜை' தயாராகிவிடும். ஒரு பெரிய தட்டில் டிபன் பாக்ஸ்கள் அதனதன் மூடியோடு, நறுக்கிய காய், ஊறிய புளி, நிரப்பிய பாட்டில்கள். காலையில் நான் அடுப்பை விட்டு நகர வேண்டியதில்லை. உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடிக்கிறேன் என்றால் பாருங்களேன்!

புள்ளியைப் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள்

அடுத்தது புள்ளி விவரம். இது இளம் தாய்மார்கள் அவசியம் படிக்க வேண்டிய பகுதி.

1980-ல் தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் உலக வங்கி உதவியுடன் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, அட்டையில் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடாக இணைத்தார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் எப்போதும் சத்துணவு என்று கொடுக்கவில்லை. ஏற்கெனவே மிகவும் மெலிந்திருந்த குழந்தைகளுக்கும், எடை ஏறாமல் கோடு படுத்துவிட்ட குழந்தைகளுக்கும்தான் கொடுத்தார்கள். அதுவும் 90 நாளைக்கு. கோடு நிமிர்ந்ததும் நிறுத்திவிட்டார்கள். கிராமத்துப் பெண்களே எடை போட்டார்கள், தாய்மார்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். குழந்தை எலும்பும் தோலுமாகும் வரை காத்திராமல், சரிவு ஆரம்பிக்கும்போதே பிடித்துவிடுவதுதான் இதன் சூட்சுமம். கடுமையான ஊட்டக்குறைவு அந்தப் பகுதிகளில் நன்றாகவே குறைந்தது.

எங்கள் தெருவில் ஒரு இளம் தாய். எட்டு மாதப் பெண் குழந்தை, எடை 6 கிலோ 900 கிராம். மாடி வீட்டில் அதே வயதில் ஒரு பையன், 9 கிலோ. கேட்க வேண்டுமா? "அந்தப் பிள்ளையைப் பாரு, குண்டு குண்டுன்னு! உன் பால்ல சத்து இல்லை. டின் பவுடர் வாங்கிக் குடு" என்று மாமியார் தினமும் பாட்டுப் பாடினார். அந்தப் பெண் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள்.

"ஏம்மா, அட்டையைக் கொண்டா பார்ப்போம்" என்றேன். தாய் சேய் நல அட்டையில் அங்கன்வாடிப் பணியாளர் எழுதியிருந்தது இதுதான். பிறந்தபோது 2 கிலோ 600. ஐந்தாம் மாதம் 5 கிலோ 900. ஆறில் 6.300, ஏழில் 6.600, எட்டில் 6.900. மாதம் தவறாமல் கோடு மேலே போகிறது. பிறந்த எடை ஐந்து மாதத்துக்குள் இரண்டு மடங்காகியும் விட்டது. மாடி வீட்டுப் பையனோ பிறக்கும்போதே மூன்றரைக் கிலோ. போதாததற்கு ஆண் குழந்தைக்கு ஒரு அளவுப்படம், பெண் குழந்தைக்கு வேறு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தவறு.

மாமியாரையும் உட்கார வைத்துக் கோட்டை விரலால் தடவிக் காட்டினேன். "அம்மா, உங்க பேத்தி அவ வழியில நல்லாத்தான் ஏறிக்கிட்டு வர்றா, பாருங்க" என்றேன். அங்கன்வாடியிலும் அதையே சொன்னார்கள். டின்னுக்கு வைத்திருந்த பணத்தில் கேழ்வரகும் முட்டையும் நெய்யும் வாங்கினார்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். எனக்குத் தெரிந்த இன்னொரு வீட்டில் குழந்தை பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தது. எல்லோரும் திருஷ்டி கழித்தார்கள். ஆனால் அட்டையில் இரண்டு மாதமாகக் கோடு நகரவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டியபோது சிறுநீரில் கிருமி இருப்பது தெரிந்தது. மருந்து கொடுத்தபின் கோடு மறுபடி ஏறியது. கண் ஏமாறும், கோடு அவ்வளவு சுலபத்தில் ஏமாறாது.

பிறந்த முதல் சில நாளில் குழந்தையின் எடை கொஞ்சம் குறைவது இயற்கை. இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். அதேபோல் ஒரு மாதம் ஜுரத்தால் எடை நின்றால் பதற வேண்டாம். ஆனால் அடுத்த மாதமும் ஏறவில்லை என்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். எடை பார்க்கும்போது ஒரே தராசு, ஒரே மாதிரி லேசான உடை இருக்கட்டும்.

சராசரி என்ற வார்த்தையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேஸ் சிலிண்டர் மாட்டிய தேதியைச் சுவரில் எழுதி வருகிறேன். கடைசி நான்கு சிலிண்டர்கள் 34, 41, 38, 29 நாள் வந்தன. சராசரி முப்பத்தைந்தரை. அதை நம்பி முப்பதாம் நாள் பதிவு செய்தால் என்னாகும்? தீபாவளி மாதச் சிலிண்டர் 29-ம் நாளே தீர்ந்துவிட்டதே! ஒற்றைச் சிலிண்டர் வீடுகளில் சராசரியைப் பார்க்கக் கூடாது, மிகக் குறைந்த நாளைப் பார்த்துத்தான் பதிவு செய்ய வேண்டும். எங்கள் பக்கத்துத் தண்ணீர்க் கணக்கும் இப்படித்தான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிப்போனபோது லாரித் தண்ணீர் சொன்ன நாளில் வரவே வராது. 'வழக்கமாக மூணு நாளில் வந்துவிடும்' என்று இருந்தவர்கள் தவித்தார்கள். அதிகபட்சத் தாமதத்துக்குத் தகுந்தபடி டிரம்மில் பிடித்து வைத்தவர்கள் சமாளித்தார்கள்.

மாதக் கடைசி மனசு

மூன்றாவது மனோதத்துவம். நம் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சி 2013-ல் வெளிவந்து உலகம் முழுவதும் பேசப்பட்டது. தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் செந்தில் முல்லைநாதனும் அதைச் செய்தவர்களில் ஒருவர். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள், 464 விவசாயிகள்.

கரும்புக்குப் பணம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் கைக்கு வரும். வெட்டுக்கு முன்னால் கையில் காசு இருக்காது. நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். வெட்டு முடிந்து பணம் வந்ததும் நிம்மதி. ஆராய்ச்சிக்காரர்கள் அதே ஆட்களுக்கு வெட்டுக்கு முன்னும் பின்னும் மூளைக்கு வேலை தரும் புதிர்களைக் கொடுத்தார்கள். உதாரணமாக 5 5 5 என்று காட்டி "எத்தனை எண் இருக்கிறது?" என்று கேட்பார்கள். 'மூன்று' என்று சட்டென்று சொல்ல வேண்டும். வாய் 'ஐந்து' என்று சொல்லத் துடிக்கும். உங்கள் வீட்டுக் குழந்தைகளிடம் கேட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்!

அதே மனிதர், அதே மூளை. ஆனால் பண முடையில் இருந்தபோது விடைகள் மோசமாகவும், பணம் வந்தபின் நன்றாகவும் இருந்தன. ஆராய்ச்சியின் சில நுணுக்கங்களில் நிபுணர்களுக்குள் விவாதம் உண்டு. ஆனாலும் அது சொல்லும் விஷயம் நமக்குப் புதிதில்லையே! பற்றாக்குறை நேரத்தில் மனசு அந்த ஒரே பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. மற்றதை யோசிக்க இடம் இல்லாமல் போகிறது. புத்தி குறைந்துவிடுவதில்லை, புத்திக்கு ஓய்வு இல்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் ஜூன் மாதம் 26-ம் தேதி. நாலு வீடு தள்ளியிருக்கும் ஒரு பெண் அவசரமாக வந்தாள். "அக்கா, தண்டல் எடுக்கப் போறேன். சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா" என்றாள். 10,000 ரூபாய் தண்டலில் கைக்கு வருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "தினம் நூறு ரூபாதானேக்கா, பூக்கட்டுற காசுல கட்டிடுவேன்" என்றாள்.

"கையெழுத்து இருக்கட்டும். இன்னிக்கு உனக்கு எவ்வளவு வேணும்?" என்று கேட்டேன். யோசித்துச் சொன்னாள். பையனுக்கு நோட்டுப் புத்தகத்துக்கும் ஷூவுக்கும் 1,800 ரூபாய். தேவை 1,800, வாங்கப் போவதோ பத்தாயிரம்!

இரண்டு பேருமாகக் கணக்குப் போட்டோம். 8,500 வாங்கி 10,000 கட்டினால் வட்டி 1,500. நூறு நாளும் 8,500 நம் கையில் இருப்பதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிடுவதால் சராசரியாக அதில் பாதி, 4,250 ரூபாய்தான் நம்மிடம் இருக்கிறது. 4,250-க்கு நூறு நாளில் 1,500 வட்டி என்றால் வருஷத்துக்கு நூற்றுக்கு 125-க்கு மேல் ஆகிறது! தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்திருக்கிறது என்பதையும் சொன்னேன்.

அவள் அசடு இல்லை. எங்கள் மகளிர் குழுவில் வரவு செலவு எழுதுவதே அவள்தான். 26-ம் தேதி மனசு 'தினம் நூறு' என்பதை மட்டும் பார்த்தது. ஒன்றாம் தேதி மனசாக இருந்தால் 'மொத்தம் பத்தாயிரம்' என்பதைப் பார்த்திருக்கும். குழுவிலிருந்து 1,800 ரூபாய் சிறு கடனாகக் கொடுத்தோம். மூன்று மாதத்தில் அடைத்துவிட்டாள்.

அதிலிருந்து எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு. 20-ம் தேதிக்கு மேல் யாரும் பெரிய கடனுக்கோ தவணைப் பொருளுக்கோ கையெழுத்துப் போடக் கூடாது. வைத்தியச் செலவு மட்டும் விலக்கு. மற்ற எதுவானாலும் ஒன்றாம் தேதி கழித்துப் பேசிக்கொள்ளலாம். பாதிப் பேருக்கு ஒன்றாம் தேதி வரும்போது அந்த ஆசையே போயிருக்கும்!

நீங்களும் செய்து பாருங்கள்

1. வீட்டில் திரும்பத் திரும்பத் தவறும் காரியம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தக் கிளம்ப வேண்டாம்.

2. மூன்று நாளாவது நேரம் அல்லது தொகை எழுதுங்கள். காலண்டர் தாள் போதும். யாரையும் குறை சொல்லாமல் எழுதுங்கள்.

3. ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் 'நான்தான் செய்ய வேண்டுமா?' என்று எழுதுங்கள். இல்லை என்று வருவதைப் பெயர் போட்டுப் பிரித்துக் கொடுங்கள். 'யாராவது செய்யுங்கள்' என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். 'தம்பி, பாட்டில் உன் பொறுப்பு' என்றால் நடக்கும்.

4. குழந்தையின் எடையை மாதாமாதம் அட்டையில் குறிக்கச் செய்யுங்கள். அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். போன மாதத்து உங்கள் குழந்தையோடு ஒப்பிடுங்கள்.

5. தீர்ந்துபோகும் பொருள்களுக்குச் சராசரியை நம்பாதீர்கள். மிகச் சீக்கிரம் தீர்ந்த தடவையை நினைவில் வையுங்கள்.

6. பெரிய பண முடிவுகளை மாதத்தின் முதல் வாரத்துக்கு ஒதுக்குங்கள். தினம் எவ்வளவு, வாரம் எவ்வளவு என்று யாராவது சொன்னால் மொத்தம் எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள்.

7. சம்பளம் வந்த அன்றே நூறோ இருநூறோ தனி டப்பாவில் போடுங்கள். மாதக் கடைசியில் அந்த டப்பா இருக்கிறது என்ற நினைப்பே மனசுக்குப் பாதி ஓய்வு.

இதற்கெல்லாம் பட்டம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு பென்சிலும் கொஞ்சம் பொறுமையும் போதும். கணக்கு எழுதுவது செலவைக் குறைக்க மட்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வீண்பழியையும் குறைக்கும், சகோதரிகளே! பழி குறைந்த வீட்டில் சண்டை குறையும். சண்டை குறைந்தால் எஞ்சியதைச் சேர்ந்து யோசிக்க எல்லோருக்கும் மனசு வரும்.